கூண்டு வண்டிகள் போன தடத்தில்: ஸ்காட்ஸ் பிளஃப் முதல் கெர்ன்சி வரை

டென்வர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் நீண்ட வார இறுதி வந்தால் மேற்கே மலைக்குக் கிளம்புவார்கள். வடகிழக்கே நெப்ராஸ்காவுக்குப் போகிறோம் என்று சொன்னால், “அங்கே சோளக்காட்டைத் தவிர என்ன இருக்கு?” என்பார்கள். அங்கே ஆரிகன் டிரெயில் என்ற ஒரு பாதை இருக்கிறது. 1840-களில் தொடங்கிச் சுமார் கால் நூற்றாண்டுக் காலம், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன பாதை. மிசௌரி ஆற்றங்கரையில் தொடங்கி ஆரிகன் வரை ஏறக்குறைய 2,000 மைல். கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும், யூட்டாவுக்குப் போன மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் இதே நார்த் பிளாட் ஆற்றை ஒட்டித்தான் போனார்கள். 1869-இல் ரயில் பாதை நாட்டின் இரு பக்கங்களையும் இணைத்த பிறகு வண்டிகள் குறைந்துபோயின.

அந்த 2,000 மைலில் நல்ல பகுதி ஒன்று டென்வரிலிருந்து மூன்று மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது. நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் ஸ்காட்ஸ் பிளஃப், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் வயோமிங்கில் லாரமி கோட்டை, அதற்குக் கொஞ்சம் மேற்கே கெர்ன்சி. சித்திரை மாதத்தில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜூன் தொடக்கத்தில் போனோம். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தப் பாதையில் பார்க்க வேண்டியது கட்டடங்களைவிடத் தரையைத்தான். காரில் ஒவ்வொரு இடமாக இறங்கி, படம் எடுத்து, பலகையைப் படித்துவிட்டு ஏறினால் நாலைந்து பாறைகளும் ஒரு கோட்டையும்தான் மிச்சம். இடங்களைக் குறைத்துக்கொண்டு, தடம் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் நடந்து பாருங்கள். நாங்கள் நடந்த இடங்களைப் பற்றித்தான் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள்.

ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாடுகளுக்கு மேய்ச்சல் வேண்டும் என்பதால் புல் முளைத்த பிறகுதான் அவர்கள் மிசௌரியிலிருந்து கிளம்ப முடியும். ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும். தாமதித்தால் மேற்கே மலையில் பனி பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் ஸ்காட்ஸ் பிளஃபைப் பெரும்பாலோர் ஜூன் மாதத்தில்தான் கடந்தார்கள். அவர்கள் பார்த்த அதே பச்சை, அதே காற்று, அதே பிற்பகல் இடிமழை. மழை என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம், இந்தப் பக்கம் ஆலங்கட்டி பெரிதாகவே விழும். நடக்கிற வேலையை மதியத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் நிழலே இல்லாத இந்த நிலத்தில் வயதானவர்களை நடக்கவைப்பது கஷ்டம். செப்டம்பர் வசதியான மாதம், ஆனால் புல் காய்ந்திருக்கும்.

தங்குவதற்கு ஸ்காட்ஸ்பிளஃப், கெரிங் என்ற இரட்டை ஊர்கள் போதும். சாப்பாட்டு விஷயத்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்னேற்பாடாகப் போக வேண்டும். நாங்கள் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனோம். லாரமி கோட்டையைச் சுற்றி நல்ல கடை கிடையாது. வழியில் வரும் டாரிங்டன் ஊரிலேயே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வேலை செய்தோம், பிள்ளைகள் இருப்பவர்களுக்குக் கட்டாயம் சிபாரிசு செய்வேன். சாக்பீஸால் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு கட்டம் போட்டோம். கூண்டு வண்டியின் பெட்டி ஏறக்குறைய அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 1840-களில் வெளிவந்த ஒரு வழிகாட்டி நூல் பெரியவர் ஒருவருக்குச் சொன்ன கணக்கு இது: மாவு 200 பவுண்டு, உப்பிட்ட பன்றி இறைச்சி 150 பவுண்டு, சர்க்கரை 20, காப்பி 10, உப்பு 10. நான்கு பேர் என்றால் மாவு மட்டுமே 800 பவுண்டு, அதாவது 360 கிலோ. பிள்ளைகள் எங்கள் அரிசி மூட்டையைக் கட்டத்துக்குள் வைத்து எண்ணிப் பார்த்தார்கள். மாவு மூட்டைகளுக்கே பாதி இடம் போன பிறகு தங்கள் சைக்கிளை எங்கே வைப்பது என்ற பேச்சை அவர்களாகவே விட்டுவிட்டார்கள். வண்டியில் ஆட்களுக்கு இடமில்லை என்பதும் அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. குழந்தைகளும் நோயாளிகளும் ஏறிக்கொள்வார்கள். மற்றவர்கள் எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார்கள்.

ஸ்காட்ஸ் பிளஃப் ஆற்றிலிருந்து 800 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் குன்று. 1828-இல் இந்தப் பக்கம் இறந்துபோன ஹைரம் ஸ்காட் என்ற தோல் வியாபாரியின் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தச் சமவெளியின் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் அதற்கு முன்பே இதைச் சுற்றிப் போவதற்குக் கஷ்டமான குன்று என்று சொல்லி வந்தார்கள், அது வண்டிக்காரர்களுக்கும் அப்படியே பொருந்தியது. குன்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே வண்டி போகும்படியான நிலம் இல்லை. முழுக்க ஓடையும் பள்ளமுமாக அரித்துக் கிடந்தது. ஆரம்பத்தில் தெற்கே சில மைல் விலகி ராபிடூ கணவாய் வழியாகப் போனார்கள். அங்கே ஊற்றுத் தண்ணீரும் ஒரு கொல்லன் பட்டறையும் இருந்தன. 1851 வாக்கில் குன்றை ஒட்டியே மிட்செல் கணவாய் வழி திறந்ததும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. இந்த இடம் 1919-இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

பார்வையாளர் மையத்தை ஒட்டி கணவாயை நோக்கி ஒரு நடைபாதை போகிறது. அதன் ஓரத்தில் கூண்டு வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். தாராபுரம் பக்கம் டிராக்டர் வரும்வரை சொந்தமாக வண்டி மாடு வைத்து ஓட்டியவர். நுகத்தடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏன் அம்மிணி, மூக்கணாங்கயிறு எங்கே?” என்று கேட்டார்.

அங்கே பேசிக்கொண்டிருந்த பூங்கா ஊழியரிடம் கேட்டோம். அவர்களுடைய மாடுகளுக்கு மூக்கு குத்தும் வழக்கம் இல்லை. வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவதும் இல்லை. ஓட்டுகிறவர் மாட்டின் இடது பக்கமாக நடந்துகொண்டே, குரல் கொடுத்தும் சாட்டையால் சைகை காட்டியும் திருப்புவாராம். அந்த மாடுகளுக்குத் திமில் கிடையாது. அதனால் வளைத்த மரத்தைக் கழுத்துக்குக் கீழாகக் கொடுத்து, நுகத்தடியில் செருகிப் பூட்டியிருக்கிறார்கள். அப்பா அந்த வளைவைக் கையால் தடவிப் பார்த்து, பாரம் தோள் மேல் எங்கே உட்காரும் என்று பேரனுக்கு அவன் கழுத்திலேயே காட்டினார்.

குதிரை, கோவேறு கழுதை இருக்க ஏன் மாடு என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். மாடு விலை மலிவு, மட்டமான புல்லைத் தின்றும் தாங்கும், பிழைக்க வழியில்லாதபோது அடித்துச் சாப்பிடவும் முடியும். ஆனால் வேகம் மணிக்கு 2 மைல்தான். ஒரு நாளைக்கு 15 மைல் போனால் நல்ல நாள். ஸ்காட்ஸ்பிளஃபிலிருந்து லாரமி கோட்டைக்கு நாங்கள் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த தூரம் அவர்களுக்கு நான்கு நாள் நடை. இந்தக் கணக்கைக் காரில் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே வந்தோம்.

சக்கரத்தைப் பற்றியும் அப்பா ஒன்று சொன்னார். அங்கே காற்றில் ஈரமே இல்லை. உதடு வெடிக்கும் வறட்சி. “இந்தக் காத்துல மரம் சுருங்கிப் போயிரும், பட்டை கழண்டுக்கும். ராத்திரி தண்ணியில ஊறப்போட்டிருப்பாங்க” என்றார். ஊழியர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஆமாம், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஓக், ஹிக்கரி மரத்தில் செய்த வட்டையும் ஆரக்காலும் பிளாட் ஆற்றங்கரை வறட்சியில் சுருங்கி, இரும்புப் பட்டை தளர்ந்துவிடும். இரவு முகாமில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறவைப்பார்கள். நேரமில்லாதவர்கள் பட்டைக்கும் வட்டைக்கும் நடுவே மரத்தில் ஆப்பு செதுக்கி இறுக்குவார்கள். அச்சுக்கு மசகாகத் தாரும் கொழுப்பும் கலந்து ஒரு வாளியில் வண்டிக்குப் பின்னால் தொங்கும். இதெல்லாம் எந்தப் பலகையிலும் இவ்வளவு விவரமாக இல்லை. மாடு, வண்டி பழகிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். ஊழியர்களிடம் நீங்களே வலியப் போய்க் கேளுங்கள். கேட்பவர்களுக்கு அவர்கள் நேரம் பார்க்காமல் சொல்கிறார்கள்.

மிட்செல் கணவாய் வரை அந்த நடைபாதை அரை மைல் போல வரும். பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. கணவாய் குறுகல் என்பதால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடிந்தது, மண்ணும் மிருதுவானது. வண்டிகள் கிளறிய மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, தடம் பள்ளமாகவே ஆகிவிட்டது. நண்பகலில் பார்த்தால் அது வெறும் புல் மூடிய பள்ளம் போலத்தான் தெரியும். காலை எட்டு மணிக்கு முன்போ, சூரியன் சாயும் நேரத்திலோ போய்ப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும்போது பள்ளத்தின் ஒரு கரை நிழலாகி, தடம் எங்கே வளைகிறது, எங்கே ஏறுகிறது என்று தெளிவாகத் தெரியும். நாங்கள் மாலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலும் போனோம்.

பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கக் கூடாது. ஒன்று, தடம் அழியும். இரண்டு, இங்கே சலங்கைப் பாம்பு உண்டு. குழந்தைகளுக்கு ஷூவும் முழுக்கால் சட்டையும் போட்டுவிடுங்கள். பாறை இடுக்கில் கை விடக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

உச்சிக்குக் காரிலேயே போகலாம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லா இளைஞர்களை வைத்து அரசு போட்ட சாலை, மூன்று சுரங்கங்களைத் தாண்டிப் போகும். பின்னால் இழுவை வண்டி மாட்டியிருந்தால் அனுமதி இல்லை. நடந்து ஏற விரும்புகிறவர்களுக்கு சேடில் ராக் என்ற 1.6 மைல் பாதை இருக்கிறது. பாறை சரிவதால் சாலையையோ நடைபாதையையோ சில நாள் மூடிவிடுவார்கள், காலையில் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேலேயிருந்து வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே புகைபோக்கி போல நிற்கும் சிம்னி ராக் பாறை தெரியும், மேற்கே லாரமி சிகரம் தெரியும். வண்டிக்காரர்களின் நாட்குறிப்புகளில் அதிகம் இடம்பெற்ற அடையாளம் அந்த சிம்னி ராக்தான். நாள் கணக்கில் அது கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்திருக்கும். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் தனியாகப் பாதி நாள் ஒதுக்குங்கள். எங்களுக்கு உச்சியிலிருந்து பார்த்ததே போதுமாக இருந்தது.

மையத்துக்குள் வில்லியம் ஹென்ரி ஜாக்சன் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. 1866-இல் மாட்டு வண்டி ஓட்டும் கூலியாளாக இதே வழியில் போனவர், பிறகு புகழ்பெற்ற புகைப்படக்காரரானார், 99 வயது வரை இருந்தார். வெளியே தடத்தைப் பார்த்துவிட்டு வந்து இந்த ஓவியங்களைப் பாருங்கள். வரிசை மாறினால் ருசிக்காது.

ஸ்காட்ஸ்பிளஃப் ஊருக்குக் கிழக்கே ரயில் பாதையோரம் ஒரு சமாதி இருக்கிறது. பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், தயவுசெய்து பாருங்கள். ரெபேக்கா வின்டர்ஸ் என்ற மோர்மன் பெண்மணி 1852 ஆகஸ்ட் 15 அன்று காலராவில் இறந்தார். கல்லுக்கு எங்கே போவது? குடும்ப நண்பர் ஒருவர் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை எடுத்து, அவர் பெயரையும் வயதையும் உளியால் வெட்டி, அதை வளைத்துத் தலைமாட்டில் நட்டார். 1899-இல் ரயில் பாதை போட அளந்துகொண்டு வந்தவர்கள் புல்லுக்குள் இந்தப் பட்டையைக் கண்டு, சமாதி மேல் போகாதபடி பாதையைத் தள்ளிப் போட்டார்கள். 1995-இல் பாதுகாப்புக்காகச் சமாதியைக் கொஞ்சம் தள்ளி மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பட்டை இன்றும் நிற்கிறது, எழுத்து படிக்கத் தெரிகிறது. கழண்டுவிடும் என்று அப்பா சொன்னாரே, அதே மாதிரிச் சக்கரப் பட்டைதான். அங்கே அவர் ஒன்றும் பேசவில்லை.

இந்தப் பாதையில் மனிதர்களைக் கொன்றதில் முதலிடம் காலராவுக்கு. 1849 முதல் 1852 வரை மிக மோசம். ஒரே முகாமில் நாள்தோறும் புதுக் கூட்டம் தங்க, கழிவும் குடிநீரும் கலந்துபோனதுதான் காரணம். அது கிருமியால் வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. காலையில் நடந்துகொண்டிருந்தவர் இரவுக்குள் இறந்துவிடுவார். பலரை நடுப்பாதையிலேயே புதைத்து மேலே வண்டிகளை ஓட்டிப் போனார்கள், ஓநாய்கள் தோண்டாமல் இருக்க. அதனால் பெரும்பாலான சமாதிகளுக்கு அடையாளமே இல்லை. நீங்கள் நடக்கும் தடத்துக்குக் கீழேயும் இருக்கலாம். தடத்தின் மேல் ஓடிப்பிடித்து விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் புரியவைத்தேன்.

சினிமாக்களைப் பார்த்துவிட்டு, பூர்வகுடிகள் தாக்கித்தான் எல்லாரும் செத்தார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரலாற்றாய்வாளர் ஒருவர் திரட்டிய கணக்கின்படி, 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். இரண்டு பக்கமும் காலராவில் இறந்தவர்களோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. அந்தக் காலராவைப் பயணிகள்தான் சமவெளிக்குக் கொண்டுவந்தார்கள். 1849-இல் ஷையன் மக்களில் பெரும் பகுதி அதில் அழிந்தது.

லாரமி கோட்டையில் இந்தக் கதையின் இன்னொரு பாதி இருக்கிறது. இங்கே போகிறவர்கள் முதலில் ஏமாறுவது ஒரு விஷயத்தில்: கோட்டை என்ற பெயர்தான், மதில் கிடையாது. ஆற்று வளைவில் ஒரு பெரிய மைதானம், அதைச் சுற்றிப் புதுப்பித்த வீடுகள், சில குட்டிச்சுவர்கள். 1834-இல் தோல் வியாபாரத்துக்கு மரத்தில் கட்டியது; 1841-இல் பச்சை மண் கல்லில் மறுபடி கட்டினார்கள்; 1849-இல் ராணுவம் 4,000 டாலருக்கு வாங்கியது. அந்த வருடமே எழுப்பிய அதிகாரிகள் குடியிருப்புதான் வயோமிங்கில் இன்று நிற்கும் கட்டடங்களில் பழையது. ‘ஓல்டு பெட்லம்’ என்று பெயர். வண்டிக்காரர்களுக்கு இது மளிகைக் கடை, தபால் நிலையம், பட்டறை, ஆஸ்பத்திரி எல்லாம். மாடு சோர்ந்துபோனதால் பாரத்தைக் குறைக்க இரும்பு அடுப்பு, பீரோ, மூட்டை மூட்டையாக இறைச்சி என்று பலரும் கொட்டிவிட்டுப் போனது இந்த இடத்தைச் சுற்றித்தான். எங்கள் சாக்பீஸ் கட்டம் இங்கே மறுபடி பேச்சில் வந்தது. எதைத் தூக்கிப் போடுவது என்று பிள்ளைகள் வழி முழுக்கச் சண்டை போட்டார்கள்.

1851-இல் இந்தக் கோட்டையின் பெயரில் ஒரு ஒப்பந்தம். கிழக்கே ஹார்ஸ் க்ரீக் பக்கத்தில் லகோட்டா, ஷையன், அரபாஹோ உள்ளிட்ட பல இனத்தவர் 10,000 பேருக்கு மேல் கூடினார்கள். வண்டிகள் தடையின்றிப் போகட்டும், பதிலுக்கு வருடம் 50,000 டாலர் மதிப்புள்ள பொருள் 50 வருடத்துக்கு என்று பேச்சு. பிறகு செனட் அதை 10 வருடமாக வெட்டியது. பயணிகளின் மாடுகள் ஆற்றோரப் புல்லைத் தின்று தீர்த்தன, விறகு தீர்ந்தது, காட்டெருமைகள் பாதையை விட்டு விலகிப் போயின. 1854 ஆகஸ்டில் ஒரு மோர்மன் பயணியின் மாடு லகோட்டா முகாமுக்குள் புகுந்து கொல்லப்பட்டது. பதிலுக்குக் குதிரை தருகிறேன் என்று லகோட்டா தலைவர் சமாதானம் பேசினார். கிராட்டன் என்ற இளம் அதிகாரி படையோடு பீரங்கியும் எடுத்துக்கொண்டு போனார். தலைவர் சுடப்பட்டார், கிராட்டனும் அவரோடு போன படையும் கொல்லப்பட்டார்கள். ஒரு மாட்டில் தொடங்கியது பல வருடச் சண்டையாக நீண்டது. 1868-இல் இதே கோட்டையில் இன்னொரு ஒப்பந்தம் போட்டு பிளாக் ஹில்ஸ் மலைகள் லகோட்டாக்களுக்கே என்று எழுதிக் கொடுத்தார்கள். 1874-இல் அங்கே தங்கம் கிடைத்ததும் அது காற்றில் போனது. 1980-இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நிலத்தை விற்கவில்லை, பணம் வேண்டாம் என்று லகோட்டாக்கள் இன்றுவரை வாங்கவில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒப்பந்தம் என்றால் என்ன, அதை மீறுவது என்றால் என்ன என்று நன்றாகவே புரிகிறது. என் மகள் கேட்டது, “பாதை கொடுத்தவங்களுக்கு என்ன ஆச்சு?” என்றுதான். போகும் முன் இந்த ஒப்பந்தங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் மைதானத்தில் நின்று பதில் சொல்லலாம். ஸ்காட்ஸ் பிளஃபிலும் இங்கேயும் ஜூனியர் ரேஞ்சர் கையேடு தருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் வாங்கிக்கொண்டால் பிள்ளைகள் அதை நிரப்பிக்கொண்டே சுற்றுவார்கள். கோட்டைக்குள் காற்று அடிக்கும், வெயில் சுடும், தூரம் நடக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தொப்பியும் தண்ணீரும் கையிலேயே இருக்கட்டும்.

கோட்டையிலிருந்து கெர்ன்சி கொஞ்சத் தூரம்தான். அங்கே நேராக ரெஜிஸ்டர் கிளிஃப் போங்கள். ஆற்றோரம் 100 அடிக்கு மேல் நிற்கும் மணற்பாறை. கோட்டையிலிருந்து ஒரு நாள் நடை என்பதால் வண்டிகள் இரவு தங்கிய இடம். கத்தியால் கீறினாலே பெயர் பதியும் அளவுக்கு மிருதுவான கல். தேட வேண்டிய பெயர் ஒன்று: ஏ. எச். அன்தேங்க், 1850. பத்தொன்பது வயதுப் பையன், ஜூன் மாதக் கடைசியில் இதை வெட்டிவிட்டுப் போனான். ஒரு வாரம், பத்து நாளுக்குள் மேற்கே கிளென்ராக் பக்கத்தில் காலராவில் இறந்துபோனான். பின்னால் வந்த அவன் குடும்பத்தார் 1869-லும் 1931-லும் அதே பாறையில் தங்கள் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். மனம் கனத்துப்போகும் இடம். ஆனால் கோபமும் வரும். இந்தப் பழைய பெயர்களின் மேலேயே நேற்று வந்தவர்கள் தங்கள் பெயரை வெட்டியிருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு வேலி போட்டிருக்கிறார்கள், போதவில்லை. மணற்பாறை, கை பட்டாலே உதிரும். தொடாமல், போனில் பெரிதாக்கிப் படியுங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து நன்றாக எழும்பித் தெரிகிறது.

அங்கிருந்து சில நிமிடத்தில் கெர்ன்சி தடம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்பேன். ஆற்றோரத்தில் வண்டி போக இடமில்லாமல், எல்லா வண்டியும் ஒரே மணற்பாறை மேட்டின் மேல் ஏறியாக வேண்டியிருந்தது. சக்கரமும் குளம்பும் செருப்பும் சேர்ந்து பாறையையே அறுத்திருக்கின்றன. சில இடங்களில் 5 அடி ஆழம். நான் உள்ளே நின்றால் தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை பாறைச் சுவர். இரண்டு பக்கமும் சக்கரம் ஓடிய பள்ளம், நடுவில் மாடு நடந்த திட்டு. சக்கரம் போன இடம் கையால் தேய்த்தது போல மழமழவென்று இருக்கிறது. நடுத்திட்டு கரடுமுரடாகக் கிடக்கிறது. அப்பா குனிந்து இரண்டு பள்ளத்துக்கும் நடுவே காலடி வைத்து அளந்தார். “அச்சு நீளம் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான் போல. இல்லீன்னா இப்படி ஒரே தடம் உழுகாது” என்றார்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தடத்துக்கு ஏறும் பாதை கொஞ்சம் மேடு, ஆனால் வேகம் பார்க்காமல் ஏறினால் எழுபது வயதுக்காரர்களும் போகலாம். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். தகவல் பலகையோடு திரும்பிவிடாமல் தடத்தை ஒட்டி மேலே வரை நடங்கள். ஆள் குறையக் குறைய நல்ல இடங்கள் வருகின்றன. நாங்கள் போனபோது வேறு இரண்டு குடும்பங்கள் மட்டுமே இருந்தார்கள்.

இப்படி ஒரு தடம் மிஞ்சியிருப்பதற்குப் பாறை மட்டும் காரணமில்லை. உழுது பயிரிட்ட நிலத்தில் எல்லாம் அது மறைந்துபோனது. எஸ்ரா மீக்கர் என்று ஒருவர், 1852-இல் இளம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இந்த வழியில் மேற்கே போனவர். தடம் அழிவதைப் பொறுக்க முடியாமல் 1906-இல், தன் 75 வயதில், மறுபடி மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே வந்தார். வழி நெடுக ஊர் ஊராகப் பேசி, அடையாளக் கற்கள் நட வைத்தார். பழைய வழிகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவரை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னும் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் காஸ்பர் வரை போங்கள். அங்கே தடங்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. வண்டியில் உட்காரவைத்து ஆற்றைக் கடப்பது எப்படியிருக்கும் என்று ஆட்டிக் காட்டுகிறார்கள், பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்பார்கள். அங்கிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரத்தில், 220-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி இன்டிபென்டன்ஸ் ராக். ஜூலை 4-க்குள் அந்தப் பாறையை எட்டிவிட்டால் பனிக்கு முன் மலையைத் தாண்டிவிடலாம் என்பது வண்டிக்காரர்களின் கணக்கு. அது கருங்கல், கெர்ன்சி போல உதிராது, மேலே ஏறலாம். காற்று மட்டும் ஆளைத் தள்ளும், அதனால் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், தொப்பியைக் காரிலேயே வைத்துவிடுங்கள். கழிவறையும் நிழலும் சாலையோர ஓய்விடத்தில் உண்டு, பெட்ரோல் கிடையாது. காஸ்பரிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.